மூஞ்சியில் முட்டை, வாயில் கால்!

கல்யாண வரவேற்பு. பக்கத்து நாற்காலிக்காரரிடம், "யார் சார் அது, நாதஸ்வரத்தையும் மீறி இப்படிச் சத்தமாப் பேசறது?" என்று கேட்கிறீர்கள். அவர் நிதானமாக, "என் சம்சாரம்தான் சார்!" என்கிறார்.

இப்போது உங்கள் நிலைமை? தமிழில் என்றால் கவலையே இல்லை. அசடு வழிந்தது, திருதிருவென்று முழித்தேன், முகத்தில் ஈயாடவில்லை, மென்று விழுங்கினேன்... கடையே பரப்பி வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். ஆனால், மறுநாள் ஆபீஸில் வடக்கத்தி மேனேஜரிடம் இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டுமென்றால்? "ஐ வாஸ்... வெரி ஷேம் சார்!" என்று ஆரம்பித்து, இரண்டாவது தடவை அசடு வழியும்!

நம்மில் பலருக்கு எல்லாவற்றுக்கும் 'ஷேம்'தான். எல்.கே.ஜி-யில் 'பப்பி ஷேம்' கேட்டு வளர்ந்த தோஷமோ என்னவோ! ஆனால், வெள்ளைக்காரன் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார் பேர்வழி. எந்த அசட்டுக்கு எந்த வார்த்தை என்று தனித்தனியாக டப்பா போட்டு வைத்திருக்கிறான்.

முதல் டப்பா 'எம்பாரஸ்டு'. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கிய சரக்கு. அங்கே இதற்குத் தடை போடுவது, வழியை மறிப்பது என்று அர்த்தம். குறுகலான சந்தில் லாரி மாட்டிக்கொண்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது பாருங்கள்... நாலு பேர் முன்னால் நம் நாக்கும் அப்படித்தானே மாட்டிக்கொள்கிறது!

ஒரு எச்சரிக்கை. ஸ்பெயின் பக்கம் போகும் பெண்மணிகள், காபியைக் கொட்டிவிட்டு, இதே ஜாடையில் இருக்கிறதே என்று 'எம்பராசாதா' என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஊரில் அதற்கு 'முழுகாமல் இருக்கிறேன்' என்று அர்த்தம். கொட்டின காபியை மறந்து வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்!

சரி, 'எம்பாரஸ்டு' எங்கே, 'அஷேம்டு' எங்கே? மழைத் தண்ணீரில் வழுக்கி விழுகிறீர்கள். அடி பட்டதா என்றா பார்க்கிறீர்கள்? யாராவது பார்த்தார்களா என்றுதானே சுற்றுமுற்றும் பார்க்கிறீர்கள்! அது எம்பாரஸ்மென்ட். பார்க்க ஆள் இல்லையென்றால் அதற்குப் பாதி வேலைகூட இல்லை. 'அஷேம்டு' அப்படியல்ல. தப்பு செய்தவன், ஒருவருமே பார்க்காவிட்டாலும், ராத்திரி படுக்கையில் புரளுகிறானே... அதற்கான வார்த்தை.

இந்த வித்தியாசம் வெறும் இலக்கணம் இல்லை சார். எங்கள் காலனியில் ஒரு பையன், காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அப்பாவுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. ஃபீஸ் கட்ட அவகாசம் கேட்டு வார்டனுக்கு இங்கிலீஷில் லெட்டர் எழுதி, "கொஞ்சம் பார்த்துக் குடுங்க அங்கிள்" என்று என்னிடம் கொண்டுவந்தான். முதல் வரியிலேயே 'ஐ ஆம் அஷேம்டு'.

"ஏண்டா, பணத்தைத் திருடினியா?" என்றேன்.

"ஐயோ, இல்ல அங்கிள்!"

"அப்பா சீட்டாடித் தோத்தாரா?"

"அவர் காபி கிளப்புக்குக்கூடப் போக மாட்டார்."

"அப்புறம் எதுக்கு இந்த வார்த்தை? அடிச்சுட்டு 'எம்பாரஸ்டு'ன்னு போடு!"

கையில் காசில்லாத நிலைமையை இங்கிலீஷ்காரர்களே நாசூக்காக 'ஃபைனான்ஷியலி எம்பாரஸ்டு' என்றுதான் சொல்வார்கள். அதாவது, வழியில் ஒரு தடை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். தடையை நகர்த்திவிடலாம். தடைக்காகத் தலைகுனிய வேண்டாம். பையன் மாற்றி எழுதினான். எழுதும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி எனக்குத் தெரிந்தது.

அடுத்து 'ஆக்வர்ட்'. பழைய நார்வே பக்கத்து மொழியிலிருந்து வந்த வேர். தப்பான பக்கம் திரும்பியது என்று பொருள். இதில் யார் மீதும் குற்றம் இருக்க வேண்டியதில்லை. பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டு, பெண் பார்த்துவிட்டு, 'வேண்டாம்' என்று லெட்டர் போட்டுவிட்டீர்கள். அடுத்த வாரமே வேலூர் பஸ்ஸில் அதே பெண்ணின் அப்பா பக்கத்து சீட்டில்! ஊர் போய்ச் சேரும்வரை அந்த மூன்று மணி நேரம் இருக்கிறதே, அது ஆக்வர்ட்.

'மார்ட்டிஃபைட்' அதைவிடப் பல படி மேலே. வேரில் இருப்பது லத்தீன் மொழியின் 'சாவு'. 'மானம் போச்சு, உயிரே போச்சு' என்று நாம் ஒப்பாரி வைப்பதை வெள்ளைக்காரன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

வாய் தவறினால் 'கேஃப்'. தானே காலைத் தூக்கித் தன் வாயில் வைத்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். 1984-ல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், ரேடியோ பேச்சுக்கு முன்னால் மைக் டெஸ்ட் செய்யும்போது, ரஷ்யா மீது இன்னும் 5 நிமிஷத்தில் குண்டு போடப்போவதாக ஜோக் அடித்தார். விஷயம் வெளியே கசிந்து உலகமே திடுக்கிட்டது. அந்த ஊர்ப் பத்திரிகையாளர் மைக்கேல் கின்ஸ்லி 'கேஃப்' என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்: அரசியல்வாதி தப்பித்தவறி உண்மையைச் சொல்லிவிட்டால் அதுதான் கேஃப்!

அடித்துச் சொன்ன விஷயம் பொய்த்துப்போனால், 'மூஞ்சியில் முட்டை' என்பார்கள். இக்கட்டில் மாட்டினால் 'ஊறுகாயில்' இருப்பதாகச் சொல்வார்கள். ஷேக்ஸ்பியரே 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் ஆளை ஊறுகாயில் போட்டிருக்கிறார்.

புது வரவும் உண்டு. 2004-ல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் பாடகி ஜானட் ஜாக்சனின் உடை விலகிவிட்டது. உடன் ஆடிய ஜஸ்டின் டிம்பர்லேக் வருத்தம் தெரிவித்தபோது சொன்ன வார்த்தை 'வார்ட்ரோப் மால்ஃபங்ஷன்'. இனி பந்தி பரிமாறும்போது வேட்டி நழுவினால் கவலைப்படாதீர்கள். கௌரவமான பெயர் தயார்!

இவ்வளவு இருந்தும் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: தர்மசங்கடம்! அம்மா செய்ததும் நியாயம், மனைவி சொல்வதும் நியாயம், நடுவில் நீங்கள். இதற்கு 'டைலமா' என்று போட்டுப் பாருங்கள், பாதி ரசம் போய்விடும். தர்மத்தையே சங்கடத்தில் மாட்டிவிட்ட சாமர்த்தியம் இங்கிலீஷுக்கு வரவில்லை.

டார்வின், 1872-ல் எழுதிய புத்தகத்தில், முகம் சிவப்பதற்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். கோபத்தில் குரங்கும் சிவக்குமாம். வெட்கத்தில் சிவப்பது மனிதன் மட்டும்தானாம். ஆகவே, நாலு பேர் முன்னால் தப்பு இங்கிலீஷ் பேசிவிட்டுக் காது சூடாகிறதா? வாயை மூடிக்கொள்ளாமல் தொடர்ந்து பேசுங்கள். டார்வின் கணக்குப்படி நீங்கள் பாஸ்!