மீட்டர் சொல்லாத கதை
வாங்கி ஓராண்டே ஆன கார்; மீட்டரில் 8,000 கிலோமீட்டர்தான். விலையும் மலிவு என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் மீட்டர் ஓடிய தூரத்தைக் காட்டுமேயன்றி, வெள்ளத்தில் நின்றதைக் காட்டாது.

லாபிஸ் வட்டாரம் 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் வெள்ளம் கண்டது. மூழ்கிய காரில் மின்கம்பி இணைப்புகள் மெல்ல அரித்துப்போகும். பழுது பல மாதம் கழித்தே தெரியவரும்.

ஆகவே இருக்கை வாரை முழுதும் இழுத்து, சேற்றுக்கறை உண்டா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கையின் அடியில் துருவைத் தேடுங்கள். சர்வீஸ் புத்தகத்தை மீட்டரோடும், பதிவுப் பத்திரத்திலுள்ள சேசிஸ் எண்ணைக் காரோடும் ஒப்பிடுங்கள். தெரிந்த மெக்கானிக் பார்க்கும்வரை முன்பணம் வேண்டாம். விற்றவர் மறைந்துபோனாலும் மாதத் தவணை நம்மை விடாது.