தவிட்டுக்குருவி காட்டும் கீரி

கிராமத்துத் தோட்டத்தில் கீரியைப் பார்க்க ஆசைப்படுபவர் கீரியைத் தேடி அலைய வேண்டாம். தவிட்டுக்குருவிகள் போடும் சத்தத்துக்குக் காது கொடுத்தால் போதும்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்தப் பறவையைப் பறவை நூல்கள் வெண்தலைச் சிலம்பன் என்கின்றன. எப்போதும் கூட்டமாகத்தான் திரியும். மாமரத்தடிச் சருகை அலகால் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். மற்றவை குனிந்து மேயும்போது ஒன்று மட்டும் உயரமான கிளையில் காவல் இருக்கும். வேலியோரம் கீரியோ சாரைப்பாம்போ தென்பட்டால் அது குரல் எழுப்பும். உடனே மொத்தக் கூட்டமும் கிளைக்குத் தாவிக் கத்தித் தீர்க்கும். அணில் வாலை உதறி உதறிக் கூடவே கத்தும். கரிச்சானும் வந்து சேரும். எல்லாம் ஒரே புதரை நோக்கியே கத்தும். அந்தப் புதரின் மேல் கண்ணை வைத்துச் சற்றுப் பொறுத்தால், சாம்பல் நிற முதுகு ஒன்று தரையோடு தரையாக நழுவிப் போவதைக் காணலாம்.

பறந்து தப்பாமல் ஏன் கத்த வேண்டும்? பதுங்கி வந்து பிடிக்கும் விலங்குக்கு, தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்றால் வேட்டை போச்சு. வேறு இடம் தேடிப் போய்விடும். பகலில் மரப்பொந்தில் ஒதுங்கியிருக்கும் புள்ளி ஆந்தை இருக்குமிடமும் இப்படிப்பட்ட கூச்சலால்தான் தெரியவரும். வல்லூறு வந்தாலோ நிலைமை வேறு. எல்லாம் சட்டென்று புதருக்குள் பாய்ந்து மூச்சுக் காட்டாமல் கிடக்கும். தோட்டம் திடீரென அடங்கிப்போனால் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இத்தனை விழிப்பான கூட்டமும் சுடலைக்குயிலிடம் ஏமாறுகிறது. தவிட்டுக்குருவியின் முட்டையைப் போலவே நீலநிறத்தில் முட்டையிட்டு, அடைகாப்பதையும் குஞ்சு வளர்ப்பதையும் அதன் தலையிலேயே கட்டிவிடுகிறது அந்தக் குயில்.

இரவில் வரும் மரநாயைக் காட்டிக்கொடுக்கக் குருவி விழித்திருக்காது. காலையில் மதில்மேல் கிடக்கும் எச்சத்தைப் பார்க்க வேண்டும். பழத்தின் சதை செரித்திருக்கும். கொட்டைகள் முழுசாகக் கிடக்கும். அவற்றில் சில பின்னர் முளைக்கவும் செய்யும்.

இந்த உயிர்களை வரவழைக்கத் தீனி வைக்க வேண்டியதில்லை. தோட்டத்தின் ஒரு மூலையிலாவது சருகைப் பெருக்காமல், எரிக்காமல் விட வேண்டும். தரை பளிச்சென்று இருந்தால் பூச்சி இராது; பூச்சி இல்லாத இடத்தில் தவிட்டுக்குருவிக்கு என்ன வேலை? கோடையில் மண்தட்டில் ஆழமில்லாமல் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றினால் இன்னும் நல்லது.

2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. இதில் கலந்துகொள்ள ஏரிக்கோ காட்டுக்கோ போக வேண்டிய கட்டாயமில்லை. வீட்டுக் கொல்லையே போதும். குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி, காகம், தவிட்டுக்குருவி உட்பட எதையும் விடாமல் இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்கிறார்கள்.