குரல் உடைந்தால் லைனைக் குறை சொல்லாதீர்கள்

காடாம்புலியூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பழைய எக்ஸ்சேஞ்சை எடுத்துவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசும் ஐ.பி. பி.பி.எக்ஸ் போட்டிருக்கிறார்கள். 100 எம்.பி.பி.எஸ் லைன்தான். அப்படியும் மத்தியானம் ஆனால் குரல் உடைகிறது. இன்னும் வேகமான லைன் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

வேண்டாம். குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64 கிலோபிட். அதை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி, வரிசை எண், நேரம் என 40 பைட் ஒட்டினால் 80 கிலோபிட். கேபிளில் அனுப்ப ஒட்டும் கூடுதல் பைட்டுகளைச் சேர்த்தாலும், உங்கள் லைனில் கணக்குப்படி ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசலாம். வேகத்துக்குப் பஞ்சமே இல்லை, சீர்தான் போதவில்லை.

இந்தத் துண்டுகள், அதாவது பாக்கெட்டுகள், விநாடிக்கு 50 என ஒரே தாளத்தில் கிளம்புகின்றன. அதே கேபிளில் யாரோ ஸ்கேன் படங்களை அனுப்பினால், குரல் அவற்றின் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதாகிவிடும். ஒரு பாக்கெட் 30 மில்லிவிநாடியில் வரும், அடுத்தது 90-ல். இந்தத் தள்ளாட்டத்தை ஏற்றுச் சமன்செய்யத்தான் ஒவ்வொரு போனுக்குள்ளும் 'ஜிட்டர் பஃபர்' இருக்கிறது. எனக்கு இந்தத் தொழில்நுட்பத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையற்கட்டிலிருந்து வாளிகள் முன்னும் பின்னுமாக வரும். இலையில் மட்டும் முறை தவறக் கூடாது. அதனால் கைதேர்ந்த பரிமாறுபவர் இரண்டு மூன்று வாளிகள் சேர்ந்த பிறகே பந்தியைத் தொடங்குவார். ரசம் முந்தி வந்தால் ஓரமாக வைப்பார். சாம்பார் வராவிட்டால் கூட்டை இன்னொரு கரண்டி வைத்துச் சமாளிப்பார். போனும் தொலைந்த துண்டுக்குப் பதிலாக முந்தைய ஒலியையே கொஞ்சம் நீட்டிவிடுகிறது. மோர் ஊற்றிய பிறகு வரும் சாம்பார் வாளி அப்படியே திரும்பிப் போகும். தாமதமாக வந்த பாக்கெட்டும் வராத பாக்கெட்டும் ஒன்றுதான். அதற்காகப் பத்து வாளி சேரட்டும் என்று காத்திருந்தால் இலை முன்னால் உட்கார்ந்தவர்கள் பொறுமை இழப்பார்கள். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். அதைத் தாண்டத் தாண்ட இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும். நல்ல போன் நெரிசலைப் பார்த்து, காத்திருக்கும் நேரத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே செலவில்லாத மருந்து ஒன்று உண்டு: ஸ்விட்சிலும் ரௌட்டரிலும் குரல் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லுங்கள்.

பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்து இங்கே வந்த வரலாறு சுருக்கமாக: 1984-ல் தொடங்கிய மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், ஏ.சி. இல்லாமல் வெயிலிலும் தூசியிலும் ஓடும் 128 போர்ட் கிராம எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. 1999-ல் மார்க் ஸ்பென்சர் 'ஆஸ்டரிஸ்க்' மென்பொருளை இலவசமாகக் கொடுத்த பிறகு, சாதாரணக் கம்ப்யூட்டரே பி.பி.எக்ஸ் ஆகிவிட்டது.

விற்பவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று. பழைய லேன்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வந்தது. கம்பி அறாதவரை, வீட்டில் கரன்ட் போனாலும் பேசலாம். ஐ.பி. போனுக்கு ஸ்விட்ச், ரௌட்டர், சர்வர் மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் உங்கள் பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோது, கரன்ட் திரும்ப எத்தனை நாளானது என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வேகமான லைனுக்கு ஒதுக்கிய பணத்தில் இந்த மூன்றுக்கும் யு.பி.எஸ் வாங்கச் சொல்லுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் ஒரு செம்புக்கம்பி இணைப்பை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.