இரண்டு பரோட்டா எங்கே போச்சு?

(மூன்றாமாண்டு, கணிப்பொறிப் பிரிவு)

போன செமஸ்டரில் எங்கள் பிராஜெக்ட், கேன்டீனுக்கு ஒரு வெப் அப்ளிகேஷன். ரியாக்டில் செய்தோம். செல்போனில் மெனுவைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் சமையல்கட்டுக்குச் சீட்டு போய்விடும். திரையில் காட்டும் பில்லுக்குக் கவுண்டரில் பணம். வைவாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேன்டீன் அண்ணனிடம் கெஞ்சி, ஒருநாள் மதியம் நிஜமாகவே ஓட்டிப் பார்த்தோம்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தால் 320 ரூபாய் உதைக்கிறது! "தம்பி, உங்க கம்ப்யூட்டர் பரோட்டாவை ஃப்ரீயா குடுக்குதுப்பா" என்றார் அண்ணன். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அவர் சிரித்தார். நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு 80 ரூபாய் போட்டுக் கொடுத்துவிட்டு லேபுக்கு ஓடினோம்.

நடந்தது இதுதான். ரியாக்டில் திரையை கம்பொனன்ட் கம்பொனன்டாகப் பிரித்து எழுதுவோம். மெனு ஒரு கம்பொனன்ட், நான் எழுதியது. பில் இன்னொன்று, நண்பன் எழுதியது. ஒரு கம்பொனன்ட் நினைவில் வைத்திருக்கும், மாறக்கூடிய தகவலுக்கு ஸ்டேட் என்று பெயர். "பரோட்டா 2" என்ற தகவலை என் மெனு தன் ஸ்டேட்டில் வைத்திருந்தது. பில்லோ அதையே வாங்கி, யூஸ்எஃபெக்ட் போட்டுத் தன் ஸ்டேட்டில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டது. பிளஸ் பட்டனை அழுத்தினால் இரண்டும் சரியாகவே மாறும். அதனால் லேபில் எல்லாம் ஓகே!

ஆனால் பில்லில் ஒரு "நீக்கு" பட்டன் இருந்ததே! அதை அழுத்தினால் பில்லின் காப்பி மட்டும் 0 ஆகும். மெனுவில் அதே 2. சமையல்கட்டுச் சீட்டு மெனுவிலிருந்து போகிறது, பணம் பில்லிலிருந்து வருகிறது. பரோட்டாவை நீக்கியவருக்கும் பரோட்டா வந்தது. வந்ததை யார் திருப்பித் தருவார்? (நம்ம பசங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா!)

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததில்லை. ஃபேஸ்புக்கில் ஒரு காலத்தில் புதுச் செய்தி வந்திருப்பதாக மேலே "1" என்று காட்டும். திறந்தால் ஒன்றும் இருக்காது. சரி செய்வார்கள், கொஞ்ச நாளில் திரும்ப வரும். மேலே இருக்கும் எண், சாட் ஜன்னல், செய்திப் பக்கம் ஆகியவை ஒரே தகவலை ஆளாளுக்கு மாற்றிக்கொண்டிருந்ததுதான் சிக்கல். 2014-ல் ஃப்ளக்ஸ் என்ற முறையை அவர்கள் விளக்கியபோது இந்தக் கதையைத்தான் சொன்னார்கள். தகவல் ஒரு திசையில்தான் ஓட வேண்டும் என்பது அதன் சாரம்.

நாங்கள் செய்த திருத்தம் ரொம்பச் சின்னது. மெனு, பில் இரண்டுக்கும் மேலே பொதுவான தாய் கம்பொனன்ட் ஒன்று உண்டு. ஆர்டர் பட்டியலை அங்கே தூக்கி வைத்தோம். இரண்டு குழந்தைகளுக்கும் எண்ணிக்கை பிராப்ஸாகக் கீழே வரும். கூடவே "மாற்று" என்ற ஃபங்ஷனும் வரும். குழந்தை தானாக எதையும் மாற்றாது, அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டுத் தாயிடம் சொல்லும். மொத்தத் தொகைக்குத் தனி ஸ்டேட்டே வேண்டாம். பட்டியலிலிருந்து ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொள்ளலாம். எங்கள் புரோகிராமில் 40 வரி குறைந்தது.

இதிலும் நான் ஒரு இடத்தில் மாட்டினேன். பட்டியலில் புஷ் போட்டு அதே பட்டியலைத் திருப்பிக் கொடுத்தேன். திரை அசையவே இல்லை! பழைய பட்டியலும் புதிய பட்டியலும் ஒரே பொருளா என்றுதான் ரியாக்ட் பார்க்கிறது, உள்ளே என்ன இருக்கிறதென்று தோண்டிப் பார்ப்பதில்லை. புதுப் பட்டியல் செய்து கொடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ராத்திரி 2 மணி ஆச்சு.

கம்பொனன்டுகள் ஐந்தாறு அடுக்கு ஆகிவிட்டால், நடுவில் இருப்பவை தமக்குத் தேவையில்லாத பிராப்ஸை வாங்கி வாங்கிக் கீழே கடத்த வேண்டி வரும். அதற்குத்தான் கான்டெக்ஸ்ட். இப்போதைய வடிவில் அது வந்தது 2018-ல். மேலே ஒரு புரொவைடர் வைத்தால், கீழே எந்த அடுக்கிலும் யூஸ்கான்டெக்ஸ்ட் கொண்டு நேரே எடுக்கலாம். ஆனால் அதன் மதிப்பு மாறினால், படிக்கும் எல்லா கம்பொனன்டும் மறுபடி வரையப்படும். ஆகவே கண்டதையும் அதில் திணிக்காதீர்கள். டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் 2015-ல் எழுதிய ரெடக்ஸ், எல்லா ஸ்டேட்டையும் ஒரே ஸ்டோரில் வைக்கிறது. பெரிய அப்ளிகேஷனுக்கு நல்லது. கேன்டீன் மெனுவுக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

வைவாவில் எக்ஸ்டர்னல் சார் முதல் காரியமாக பரோட்டாவை நீக்கினார். இரண்டு பக்கமும் 0! நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சார் 3 தோசை சேர்த்தார், பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தார். தோசையும் போச்சு. "எங்கேப்பா?" என்றார். ஸ்டேட் பிரவுசரின் நினைவகத்தில்தான் இருக்கிறது, பக்கம் போனால் அதுவும் போகும், லோக்கல் ஸ்டோரேஜிலோ சர்வரிலோ எழுதி வைத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். "தெரிஞ்சும் ஏன் செய்யலை?" என்று கேட்டுவிட்டு மார்க் போடக் குனிந்தார்.