உவர்நீரில் வளரும் டெங்குக் கொசு: யாழ்ப்பாண ஆய்வும் தோஹா தொழில்பேட்டையும்

தோஹா நகரின் தென்மேற்கே, எண்களால் மட்டும் பெயரிடப்பட்ட தெருக்களைக் கொண்டு விரிந்துள்ள தொழில்பேட்டையில் நீர் இருவகையாக உள்ளது. குழாயிலும் தண்ணீர் வண்டியிலும் வந்து மொட்டைமாடித் தொட்டிகளை நிரப்புவது கடல்நீரிலிருந்து உப்பு நீக்கப்பட்ட நன்னீர். கட்டடப் பணிக்காகப் பள்ளம் தோண்டினால் ஊறுவது பெரும்பாலும் உவர்நீர். ஆண்டுக்குச் சராசரியாக 75 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் ஊரில் கொசு எங்கே வளரும் என்று கேட்டால், பூச்சியியல் நூல்கள் அண்மைக்காலம் வரை முதல்வகை நீரையே சுட்டின. குறிப்பாக, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி நன்னீரை விட்டு நகராது என்பது ஐயமற்ற செய்தியாகவே கற்பிக்கப்பட்டது.

இந்த உறுதியை அசைத்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் எஸ். என். சுரேந்திரனும், அவருடன் பணியாற்றிய நோயெதிர்ப்பியலாளர் ரஞ்சன் இராமசாமியும், அவர்களுடைய மாணவர்களும் ஆவர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மட்டக்களப்பிலும் கரையோரக் குடியிருப்புகளில் கைவிடப்பட்ட கிணறுகள், பழுதுபட்ட படகுகள், எறியப்பட்ட நெகிழிக் கொள்கலங்கள் ஆகியவற்றில் தேங்கிய நீரை அவர்கள் ஆராய்ந்தனர். லீட்டருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் ஏடிஸ் குடம்பிகள் உயிருடன் இருந்தன. முடிவுகள் 2011-இல் வெளியாயின. கருவி மிகுந்த ஆய்வுகூடம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. நூல் பார்க்க வேண்டாம் என்று சொன்ன இடத்தில் பார்த்ததே கண்டுபிடிப்பு. உலகின் கொசு ஆய்வு நிலையங்கள் அதுவரை ஏன் பார்க்கவில்லை என்பது தனியே கேட்கத்தக்க கேள்வி.

லீட்டருக்கு 15 கிராம் என்பதன் பொருளை உணர, குடம்பியின் உடலியலுக்குள் சற்று நுழைய வேண்டும். நன்னீரில் வாழும் குடம்பியின் உடல்நீர் சுற்றியுள்ள நீரைவிட உப்புச் செறிவு மிக்கது. எனவே வெளிநீர் இடைவிடாது உள்ளே புகுகிறது. உடலின் உப்பு வெளியே கசிகிறது. மால்பீஜியன் நுண்குழல்களும் மலக்குடலும் சேர்ந்து மிக நீர்த்த சிறுநீரை வெளியேற்றி முதற் சிக்கலைத் தீர்க்கின்றன. இரண்டாவதைத் தீர்ப்பவை உடலின் பின்முனையில் உள்ள நான்கு விரல் போன்ற முளைகள். இவற்றைக் குதமுளைகள் எனலாம். இவை மூச்சுறுப்புகள் என்றே முன்னர் கருதப்பட்டன. இலண்டனில் பணியாற்றிய வி. பி. விகிள்ஸ்வொர்த் 1933-இல் வெளியிட்ட ஆய்வுகள் இவற்றுக்கும் நீர், உப்புச் சமநிலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டின. நீரில் உப்பு கூடினால் இம்முளைகள் சுருங்கும், குறைந்தால் நீளும்.

உவர்நீரில் கணக்குத் தலைகீழாகிறது. ஏடிஸ் எஜிப்தி குடம்பியின் உடல்நீர்ச் செறிவு கடல்நீரின் செறிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிற்குள் அடங்கும். அந்த எல்லை வரை உப்பு கூடினாலும் குடம்பி ஒருவாறு தாங்கும். அதைக் கடந்தால் நீர் வெளியேறும், உப்பு உள்ளே புகும். அமெரிக்க உப்புச் சதுப்புகளில் வாழும் ஏடிஸ் டேனியோரிங்கஸ் போன்ற இனங்களுக்கு மலக்குடலின் பின்பகுதியில் உப்பைச் சுரந்து வெளியேற்றும் தனிப்பகுதி உண்டு. ஏடிஸ் எஜிப்திக்கு அது இல்லை. ஆயினும் கரையோரத்தில் கடல்நீரின் பாதிச் செறிவு வரை உள்ள நீரில் அது வளர்கிறது. அப்படியானால் அது தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறது?

2014-இல் வெளியான அடுத்த ஆய்வு, குடாநாட்டின் நன்னீர்க் கொசுக்களையும் உவர்நீர்க் கொசுக்களையும் ஒப்பிட்டது. உவர்நீரிலிருந்து வந்தவை உப்பைக் கூடுதலாகத் தாங்கின. அத்தாங்குதிறன் தலைமுறைக்குக் கடந்தது. எனவே இது ஒரு குடம்பி தன் வாழ்நாளில் பெற்றுத் தன்னோடு இழக்கும் பழக்கம் அன்று.

விடையின் பெரும்பகுதி 2021-இல் மூலக்கூற்று மட்டத்தில் கிடைத்தது. நான்காம் பருவக் குடம்பிகளின் குடல், குதமுளை, எஞ்சிய உடல் ஆகியவற்றின் ஆர்.என்.ஏ. வரிசைகள் தனித்தனியே படிக்கப்பட்டன. கூட்டுப்புழுவாகும்போது கழற்றப்படும் புறவுறையின் புரதங்கள் ஆராயப்பட்டன; புறவுறையின் குறுக்குவெட்டு மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கப்பட்டது. அயனிகளைக் கடத்தும் புரதங்களில் வேறுபாடு இருந்தது, அது எதிர்பார்க்கத்தக்கதே. கவனத்திற்குரியது, புறவுறைப் புரதங்களுக்கும் தோலுரித்தலை ஆளும் இயக்குநீர் சார்ந்த புரதங்களுக்கும் உரிய மரபணுக்களின் செயற்பாட்டில் கண்ட வேறுபாடு. உப்பை இறைத்து வெளியேற்றும் உறுப்பு இல்லாத உயிர், உப்பு நுழையும் சுவரையே மாற்றிக் கட்டத் தொடங்கியிருக்கிறது. குடம்பியில் மட்டுமன்றி, நீரை விட்டுப் பறந்துபோகும் முதிர்ந்த கொசுவின் புறவுறையிலும் நுண்ணமைப்பு மாற்றம் காணப்பட்டது.

பூச்சிக்கொல்லி முதலில் கடக்க வேண்டியதும் இதே சுவர்தான். நச்சுகளைச் சிதைக்கும் சைட்டோக்குரோம் பி450 நொதிகளின் மரபணுக்களிலும் மாற்றம் தெரிந்தது. ஆகவே உவர்நீரில் வளர்ந்த கொசுக்கள் பூச்சிக்கொல்லிக்கு எளிதில் பணியாமற்போகலாம் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்க்கின்றனர். இலங்கையில் 2017-ஆம் ஆண்டில் மட்டும் டெங்கு நோயாளர் எண்ணிக்கை 1,86,000-ஐக் கடந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். குடாநாட்டின் சுண்ணக்கற்பாறையில் நன்னீர், கடல்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. மிகையாக இறைத்தாலும் கடல்மட்டம் உயர்ந்தாலும் கிணறு உவராகும், கைவிடப்படும். அவ்வாறு கைவிடப்பட்ட கிணறுகளிலும் குடம்பிகள் கண்டெடுக்கப்பட்டன.

வளைகுடாவின் நிலை இதிலிருந்து தொலைவில் இல்லை. அரேபியத் தீபகற்பத்தில் ஜித்தா 1994 முதல் டெங்குவை அறியும். மஸ்கத்தில் 2018-இன் இறுதியில் உள்ளூர்ப் பரவல் கண்டறியப்பட்டது. தமிழகத்திலிருந்தும் ஈழத்தின் வடக்கு, கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் வாழும் தோஹா தொழில்பேட்டையில் குளிரூட்டியின் சொட்டுநீர், மூடாத தொட்டி, வாகனப் பட்டறையின் பழைய டயர் ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கமான கொசுத் தடுப்பு. அது தவறன்று. ஆனால் கட்டடப் பள்ளத்தில் ஊறி நிற்கும் உவர்நீரை, உப்பு என்ற காரணத்தால் மட்டும் கணக்கிலிருந்து நீக்குவதற்கு இனி உடலியல் ஆதாரம் இல்லை. பள்ளத்து நீரின் உப்பளவை அளப்பதும் குடம்பிகளைச் சேகரித்து இனங்காண்பதும் பெருஞ்செலவுள்ள பணிகள் அல்ல.

சொல் பற்றிய ஒரு குறிப்பும் இங்குப் பொருந்தும். டெங்கு அறிவிப்புகள் 'தேங்கிய சுத்தமான நீர்' என்று எழுதுகின்றன. படிப்பவர் இதைக் குடிக்கத்தக்க நீர் என்று பொருள்கொள்வார். வாயில் வைக்க முடியாத கிணற்றுநீரையோ பள்ளத்து நீரையோ பொருட்படுத்தமாட்டார். நன்னீர், உவர்நீர், உப்புநீர் என மூன்று படிகளைத் தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது; யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'சவர்த்தண்ணி' என்றால் எவருக்கும் விளங்கும், தமிழகத்தில் 'உப்புத்தண்ணி' போதும். தொழிலாளர் விடுதிச் சுவரில் ஒட்டும் தமிழ் அறிவிப்பில் 'நன்னீரோ உவர்நீரோ, தேங்கி நிற்கும் எந்த நீரும்' என்று திருத்தி எழுத ஒரு வரி மட்டுமே கூடுதலாகும்.