எட்டாவது சர்வர்

வாடிக்கையாளர் கேட்ட அளவு பங்கை வாங்கித் தர வேண்டும். வாங்கி முடித்ததும் நிறுத்த வேண்டும். பங்குத் தரகு நிறுவனத்தின் இந்த அன்றாட வேலை ஒழுங்காக நடக்க, மென்பொருளின் கட்டமைப்பும் அதைக் கையாளும் நடைமுறையும் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில் 2012 ஆகஸ்ட் 1 அன்று இரண்டுமே காலை வாரின.

பெரிய ஆர்டரைச் சிறு சிறு ஆர்டர்களாகப் பிரித்துச் சந்தைக்கு அனுப்பும் மென்பொருள் அங்கே இருந்தது. அதற்குள் ‘பவர் பெக்’ என்ற பழைய நிரல் ஒன்று கிடந்தது. 2003-லேயே அதன் பயன்பாடு நின்றுபோனாலும் யாரும் அதை நீக்கவில்லை. எத்தனை பங்கு வாங்கியாயிற்று என்று எண்ணி, போதும் என்று நிறுத்தும் பகுதியை 2005-இல் நிரலில் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதன்பின் பவர் பெக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஓடாத நிரலை எதற்குச் சோதிப்பது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஒரு நிரலை இயக்கவா வேண்டாமா என்று சொல்லும் ‘ஃப்ளாக்’ என்று ஒன்று உண்டு. நியூயார்க் பங்குச்சந்தையின் புதிய திட்டத்துக்காக 2012-இல் எழுதிய நிரலுக்கு, பவர் பெக்கின் ஃப்ளாக்கையே எடுத்துக்கொண்டார்கள். ஆபத்து அங்கேதான் குடிவந்தது.

எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய நிரல் ஏழில்தான் ஏறியது. ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துப்பூர்வ விதி இல்லை. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறக்குமுன்பே பவர் பெக் பெயரைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயின. எச்சரிக்கை என்ற வகையில் அனுப்பப்படாததால் அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை.

சந்தை திறந்ததும், புதிய நிரலுக்கான அதே ஃப்ளாக்கால் எட்டாவது சர்வரில் பழைய நிரல் நிறுத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது. காரணம் புரியாமல், மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை அகற்றினார்கள். அங்கும் பழையதே கிளம்பியது. நெருக்கடியில் யார், எதை, எந்த வரிசையில் செய்வது என்று முன்கூட்டி எழுதிவைக்காததன் விலை அது. 212 வாடிக்கையாளர் ஆர்டர்களுக்காக 45 நிமிடங்களில் 40 லட்சம் பரிவர்த்தனைகள் நடந்தன, 39.7 கோடிப் பங்குகள் கைமாறின. இந்தப் பங்குகள் குவிந்த உள்கணக்குக்கு 20 லட்சம் டாலர் வரம்பு இருக்கத்தான் செய்தது. அதை மீறினால் தானாக வர்த்தகத்தை நிறுத்தும் ஏற்பாட்டோடு மட்டும் யாரும் இணைக்கவில்லை.

நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது. 2013 ஜூலையில் நைட், கெட்கோ என்ற நிறுவனத்துடன் இணைந்தது. அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காற்று ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. சர்வரை விட்டுவிட்ட ஊழியர்மேல் அல்ல, சரிபார்க்கும் ஏற்பாடே இல்லாமல் நடத்திய நிறுவனத்தின்மேல்.