ஐந்தொகையும் ஒரு கேள்வியும்

1957-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள். புது டில்லியில் லோக் சபை கூடியிருந்தது. ராய்பரேலித் தொகுதியின் அங்கத்தினர் பிரோஸ் காந்தி பேச எழுந்தார். அவர் ஆளுங் கட்சியைச் சேர்ந்தவர். பிரதம மந்திரி நேருவின் மருமகர். ஆயினும் அன்று அவர் பேச்சு அரசாங்கத்தையே திணற வைத்தது.

1956-இல் தோன்றிய ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன், ஹரிதாஸ் முந்த்ராவின் 6 கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்ச ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியிருந்தது. பாலிசிதாரர்களின் பணம் ஏன் அங்கே சென்றது என்பதே அவர் எழுப்பிய வினா. பங்கு விலைகளை ஆராய்ந்து வைத்துக்கொண்டே அவர் வினவினார்.

பின்னர், பம்பாய் உயர் நீதிமன்றப் பிரதம நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். முதலீட்டுக் கமிட்டியைக் கலந்துகொள்ளாமலே பங்குகள் வாங்கப்பட்டமை வெளியாயிற்று. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

நம் சங்கங்களின் மகாசபையிலும் ஆண்டுதோறும் ஐந்தொகை வாசிக்கப்படுகிறது. நெசவாளரின் பங்குத் தொகையும் விவசாயியின் வைப்புத் தொகையும் அதில் அடக்கம். நான் சென்றிருந்த ஒரு சங்கத்தில், வாசித்து முடிக்கும் முன்பே அங்கத்தினர்கள் கையொப்பமிட்டு எழுந்துவிட்டனர். பிற்பாடு நூல் இருப்பில் குறைவு காணப்பட்டபோது, "எங்களுக்கு ஒன்றும் தெரியாதே" என்றனர்.

பஞ்சாயத்தார் நம்மவர், அவர்களை எவ்விதம் கேட்பது என்று தயங்க வேண்டாம். பிரோஸ் காந்தி கேட்டதும் தம்மவரைத்தான். அங்கத்தினர்களே, ஐந்தொகையை முன்னதாகப் பெற்றுப் படித்து வாருங்கள். இருப்பு எங்கே, தீர்மானம் எங்கே என்று வினவுங்கள். பணம் உங்களுடையது, கேட்கும் உரிமையும் உங்களுடையதே.